ஒரே டைபோல், பல பேண்டுகள்: ட்யூனருக்கும் கம்பிக்கும் இடையில் தொலையும் வாட்டுகள்

40 மீட்டர் பேண்டுக்காக (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைக்காக) வெட்டிய அரை அலை டைபோலை, அதாவது நடுவில் பிரித்து அங்கே கேபிளை இணைத்த கம்பி ஆன்டெனாவை, மற்ற பேண்டுகளிலும் பயன்படுத்த முடியுமா என்று கேட்டால், ட்யூனர் (ஆன்டெனாவின் சுமையை ரேடியோவுக்குப் பொருந்தும்படி மாற்றும் சாதனம்) இருந்தால் முடியும் என்ற பதில்தான் ஹாம் (அமெச்சூர் வானொலி) வட்டாரத்தில் உடனே கிடைக்கும். அந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் அது பாதிப் பதில்தான். ட்யூனரின் குமிழ்களைத் திருப்பி, எஸ்.டபிள்யூ.ஆர். (சுமை எவ்வளவு பொருந்தாமல் இருக்கிறது என்பதைக் காட்டும் விகிதம், 1 என்றால் முழுப் பொருத்தம்) முள்ளை 1.1-க்கு இறக்கிவிட்டால் டிரான்ஸீவருக்கு (அனுப்பவும் பெறவும் பயன்படும் ரேடியோவுக்கு) 50 ஓம் சுமை கிடைத்துவிட்டது என்பது உறுதியாகிறது. கொடுத்த 100 வாட்டில் எத்தனை வாட் கம்பியைச் சென்றடைந்தது என்பதை அந்த முள் சொல்வதில்லை. அதைக் கண்டறிந்து, இழப்பு எங்கே நிகழ்கிறதோ அங்கே கைவைப்பதற்காக நான் மேற்கொண்ட வேலையின் பதிவு இது.

ஆன்டெனா மிகச் சாதாரணமானது. 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 20.1 மீட்டர், அதாவது ஒவ்வொரு கையும் 10 மீட்டருக்குச் சற்று மேல். நடுப்பகுதி தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தது, அங்கிருந்து ஆர்.ஜி.-58 வகைக் கோஆக்ஸியல் கேபிள் கம்பத்தோடு இறங்கி, சுவரைச் சுற்றி, 20 மீட்டர் ஓடி அறைக்குள் வந்தது. வெற்றுவெளியில் அரை அலை டைபோலின் நடுப்புள்ளி இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் மொத்த எதிர்ப்பு) 73 ஓம். தரைக்கு மேலே கால் அலைநீள உயரத்தில் அது 80 ஓமைத் தாண்டும். உயரம் இன்னும் குறையும்போது 50-க்கும் கீழே இறங்கும். ஆகவே 40 மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.6-க்குள் நின்றதில் வியப்பில்லை, அங்கே ட்யூனருக்கு வேலையும் இல்லை.

சிக்கல் 14 மெகாஹெர்ட்ஸில், அதாவது 20 மீட்டர் பேண்டில், தொடங்குகிறது. அங்கே அதே கம்பி ஒரு முழு அலை நீளமாகிவிடுகிறது. நடுப்புள்ளியில் மின்னோட்டம் மிகக் குறைந்து, மின்னழுத்தம் மிக உயர்ந்து, இம்பீடன்ஸ் 3000 ஓமையும் தாண்டக்கூடும். 21 மெகாஹெர்ட்ஸில் (15 மீட்டர் பேண்டு) கம்பி மூன்று அரை அலைகளாக நிற்பதால் இம்பீடன்ஸ் மீண்டும் 100 ஓம் அளவுக்குத் திரும்புகிறது. ஆனால் ஒத்ததிர்வு 7.1-இன் மும்மடங்கான 21.3-இல் அமையாமல் 22 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தள்ளிப்போகிறது. கம்பியின் இரு நுனிகளால் உண்டாகும் சுருக்கம் நுனிகளுக்கு மட்டுமே உரியது. நடுவிலுள்ள அரை அலைக்கு அது பொருந்தாது. 3.6 மெகாஹெர்ட்ஸில் (80 மீட்டர் பேண்டு) நிலைமை நேர் எதிர்: கம்பி மிகக் குட்டையாகி, கணக்கின்படி 12 ஓம் தடையும், அதோடு தொடராக ஏறத்தாழ 1000 ஓம் மின்தேக்கி வகை ரியாக்டன்ஸும் (ஆற்றலை எரிக்காமல் தேக்கித் திருப்பும் எதிர்ப்பும்) தெரிகின்றன.

ட்யூனரை விலக்கிவிட்டு, அறைக்குள் இருக்கும் கேபிள் முனையில் அனலைசரை (ஆன்டெனாவை அளக்கும் கருவியை) இணைத்து 14.15 மெகாஹெர்ட்ஸில் அளந்தபோது எஸ்.டபிள்யூ.ஆர். ஏறத்தாழ 7 என்று காட்டியது. 3000 ஓம் சுமையை 50 ஓம் கேபிளில் தொங்கவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். 60 இருக்க வேண்டும். 60 எப்படி 7 ஆனது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. டைபோலைக் கீழிறக்கி, கேபிளின் மேல்முனையைக் கழற்றித் திறந்த நிலையில் விட்டு, கீழ்முனையில் மீண்டும் அளந்தேன். திருப்பிழப்பு (அனுப்பியதைவிடத் திரும்பி வந்தது எவ்வளவு குறைவு என்பது) 2.2 டெசிபெல், எஸ்.டபிள்யூ.ஆர். ஏறத்தாழ 8. திறந்த முனை எல்லா ஆற்றலையும் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், திரும்பி வருவதில் காணும் குறைவு முழுவதும் போகவும் வரவும் கேபிள் எடுத்துக்கொண்டதே. பாதியாக்கினால் ஒருவழி இழப்பு 1.1 டெசிபெல், அந்த வகைக் கேபிளுக்கு 20 மீட்டர் நீளத்தில் எதிர்பார்க்க வேண்டிய அளவும் அதுவே.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முனையில் ஆன்டெனாவே இல்லாதபோது 8, ஆன்டெனாவை இணைத்தபோது 7. கேபிளின் கீழ்முனையிலிருந்து பார்த்தால் 20 மீட்டர் பேண்டில் என் டைபோல் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான். அந்த 7-ஐ எந்தச் சுமாரான ட்யூனரும் நொடியில் 1.1 ஆக்கிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று.

பொருந்தாத சுமையோடு கேபிளில் நிகழும் மொத்த இழப்பைக் கணக்கிட்டால் 9.4 டெசிபெல் வருகிறது. 100 வாட் கொடுத்தால் 11 அல்லது 12 வாட்தான் கம்பிக்குச் சேர்கிறது. எஞ்சியது கேபிளைச் சூடாக்குகிறது. கனமான ஆர்.ஜி.-213 கேபிளுக்கு மாறினாலும் அதே நீளத்துக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் இழப்பு நிற்கும், அதாவது கால் பங்கு ஆற்றலே மேலே போகும். 3.6 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய கேபிளின் கணக்கு 20 டெசிபெல், நூற்றில் ஒன்று. திரும்பி வரும் ஆற்றல் டிரான்ஸீவருக்குள் புகுந்து அதை எரித்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ட்யூனர் சரியாக அமைக்கப்பட்டிருந்தால் அது திரும்பி வருவதை மறுபடியும் ஆன்டெனா பக்கமே அனுப்பிவிடுகிறது. கேபிளில் இழப்பே இல்லையென்றால் எஸ்.டபிள்யூ.ஆர். 60 இருந்தாலும் எல்லா வாட்டும் இறுதியில் கம்பிக்கே போயிருக்கும். ஒவ்வொரு முறை போய் வரும்போதும் கேபிள் வாங்கும் வரிதான் இங்கே இழப்பு.

தீர்வுகள் பல உண்டு. ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனிக் கம்பிகளை ஒரே நடுப்புள்ளியில் விசிறிபோல் இணைக்கலாம். தானியங்கி ட்யூனரை நடுப்புள்ளியிலேயே மேலே ஏற்றலாம். முன்னது பல கம்பிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் வெட்டித் திருத்துவதற்குப் பொறுமை கேட்கிறது; பின்னது மழையிலும் வெயிலிலும் மின்னணுச் சாதனம் ஒன்றை எட்டாத உயரத்தில் தொங்கவிடச் சொல்கிறது. நான் கோஆக்ஸியல் கேபிளை நீக்கிவிட்டு, 450 ஓம் லேடர் லைனை (இடைவெளிவிட்டு இணையாக ஓடும் இரு கம்பிகளை) ஃபீடராக, அதாவது ஆன்டெனாவுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் இணைப்பாக, பயன்படுத்த முடிவு செய்தேன். 3000 ஓம் சுமை இதில் எஸ்.டபிள்யூ.ஆர். 7-க்குச் சற்றுக் கீழேதான். லைனின் இயல்பான இழப்போ கோஆக்ஸியலோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. 14 மெகாஹெர்ட்ஸில் ஃபீடரின் மொத்த இழப்பு கால் டெசிபெலுக்குள் அடங்கிவிடுகிறது. 100 வாட்டில் 95 வாட்டுக்குக் குறையாமல் மேலே போகும்.

லேடர் லைனை வாங்கியவுடன் கிடைத்த நீளத்துக்குக் கட்டிவிடக் கூடாது. அதன் நீளம்தான் ட்யூனர் எந்த இம்பீடன்ஸைப் பார்க்கப் போகிறது என்பதை ஒவ்வொரு பேண்டிலும் முடிவு செய்கிறது. ஃபீடர் அரை அலையாகவோ அதன் மடங்காகவோ இருந்தால் மேலே உள்ள இம்பீடன்ஸ் அப்படியே கீழே தெரியும். கால் அலையின் ஒற்றைப்படை மடங்காக இருந்தால் தலைகீழாகும். தலைகீழாவதற்குச் சூத்திரம் எளிது: ஃபீடரின் இம்பீடன்ஸைத் தன்னோடு பெருக்கிச் சுமையால் வகுக்க வேண்டும். 450-ஐ 450-ஆல் பெருக்கி 3000-ஆல் வகுத்தால் 67 ஓம். 14 மெகாஹெர்ட்ஸில் ட்யூனரைத் திணறடிக்கும் 3000 ஓம், ஃபீடரின் நீளத்தைச் சரியாக வெட்டினால் டிரான்ஸீவரே ஏற்றுக்கொள்ளும் சுமையாகிவிடுகிறது.

இந்தக் கணக்குக்கு லைனில் அலை செல்லும் வேகம் தேவை. இடையிடையே சன்னல்கள் வெட்டிய பிளாஸ்டிக் உறையுள்ள 450 ஓம் லைனுக்கு அது வெற்றுவெளி வேகத்தில் 0.91 அளவில் இருக்கும் என்பார்கள். துண்டு துண்டாக வேறுபடக்கூடும் என்பதால் அளந்துவிடுவதே நல்லது. லைனைத் தரையிலும் சுவரிலும் படாமல் கயிற்றில் தொங்கவிட்டு, மறுமுனையைத் திறந்து வைத்து, மின்கலத்தில் இயங்கும் சிறிய அனலைசரை நேராக இணைத்து, இம்பீடன்ஸ் ஏறத்தாழ சுழியாகும் மிகக் குறைந்த அதிர்வெண்ணைத் தேட வேண்டும். அங்கே லைன் கால் அலை நீளம். 14.5 மீட்டர் துண்டுக்கு அது 4.7 மெகாஹெர்ட்ஸில் வந்தது, ஆகவே 0.91 சரியே.

14.15 மெகாஹெர்ட்ஸில் இந்த லைனின் கால் அலை 4.82 மீட்டர், அதன் மும்மடங்கு 14.46. என் அமைப்பில் கம்பத்தின் உயரம் 10 மீட்டர், அங்கிருந்து அறைச் சன்னல் வரை நாலரை மீட்டர் என்பதால் 14.5 மீட்டர் இயல்பாகவே பொருந்தியது. அதே நீளத்தை மற்ற பேண்டுகளுக்கும் கணக்கிட்டுப் பார்த்தேன். 7.1-இல் ஏறத்தாழ 146 ஓம் தடையும் 426 ஓம் மின்தேக்கி வகை ரியாக்டன்ஸும், 21.2-இல் 110 ஓம் தடையும் 200 ஓமைச் சற்றுத் தாண்டிய தூண்டல் ரியாக்டன்ஸும். இரண்டும் ட்யூனருக்கு எளியவை. 28.4 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இந்நீளம் அரை அலையின் மடங்காக விழுகிறது. கம்பியும் அங்கே இரண்டு முழு அலைகள் என்பதால் ஆயிரக்கணக்கான ஓம் அப்படியே கீழே வந்து நிற்கிறது. அதற்காக 2.4 மீட்டர் லேடர் லைன் துண்டு ஒன்றை இரு முனைகளிலும் இணைப்பிகள் வைத்துத் தயாரித்துக்கொண்டேன். 10 மீட்டர் பேண்டுக்குப் போகும்போது அதை இடையில் செருகினால் கால் அலை கூடி, உயர்ந்த இம்பீடன்ஸ் நூறு ஓம் பக்கம் இறங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் லூயி வார்னி வடிவமைத்து, அவருடைய அழைப்புக் குறியான ஜி5ஆர்வி என்ற பெயரிலேயே புகழ்பெற்ற ஆன்டெனாவிலும் இதே சிந்தனை இருக்கிறது. 31 மீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பி 14 மெகாஹெர்ட்ஸில் மூன்று அரை அலைகள். அதன் கீழே தொங்கும் 10.36 மீட்டர் திறந்த கம்பி ஃபீடர் அந்தப் பேண்டில் அரை அலை. ஒரு பேண்டை மனத்தில் வைத்து வகுத்த அந்த அளவுகளை, எல்லாப் பேண்டுகளிலும் ட்யூனரே இல்லாமல் வேலை செய்யும் மந்திரம் என்று சொல்லி விற்பதை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை.

கட்டும் வேலையில் கவனம் கேட்டது நடுப்புள்ளிதான். இத்தகைய லைனின் கம்பிகள் பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. காற்றில் ஆடி ஆடி, பற்றவைத்த இடத்துக்கு அடுத்தே முறியும் இயல்புடையவை. ஒரு பிளாஸ்டிக் தகட்டில் துளைகளிட்டு, லைனின் உறையை இரண்டு சன்னல்கள் வழியாகக் கோத்து இறுக்கி, எடை முழுவதும் தகட்டில் இறங்கும்படியும், பற்றவைத்த முனைகள் ஒரு சிறு வளையமாகத் தளர்ந்து தொங்கும்படியும் அமைத்தேன். லைன் காற்றில் படபடக்காதிருக்க மீட்டருக்கு ஒரு முறுக்கு வீதம் முறுக்கினேன். கோஆக்ஸியலைப் போல இதைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்ட முடியாது. உலோகத்திலிருந்து, லைனின் அகலத்தைப் போலச் சில மடங்கு தொலைவிலாவது அது நிற்க வேண்டும் என்பதால், கம்பத்தில் பிளாஸ்டிக் குழாய்க் கைகளைப் பொருத்தி அவற்றின் நுனி வழியாக இறக்கினேன்.

என் ட்யூனரின் வெளிமுனை கோஆக்ஸியல் வகையைச் சேர்ந்தது. லேடர் லைனோ இரு கம்பிகளிலும் சமமான, எதிரெதிரான மின்னோட்டம் ஓடினால்தான் தன் பண்பைக் காப்பாற்றும். இடையில் பேலன் (கோஆக்ஸியல் கேபிளையும் சமநிலை லைனையும் இணைக்கும் பாகம்) தேவை. பல ட்யூனர்களுக்குள் 4:1 விகித மின்னழுத்தப் பேலன் பொருத்தப்பட்டே வருகிறது. லேடர் லைன் என்றாலே உயர்ந்த இம்பீடன்ஸ் என்ற எண்ணத்தில் அது வைக்கப்படுகிறது. மேலே கண்ட கணக்கில் ட்யூனர் பார்க்கும் தடைகள் பெரும்பாலும் 67 முதல் 150 ஓம் வரைதான். அவற்றை நான்கால் வகுத்தால் ட்யூனர் விரும்பாத திசையில் போகும். ஆகவே 1:1 மின்னோட்டப் பேலனைத் தனியே சுற்றினேன்: 31 வகைக் கலவையால் ஆன பெரிய ஃபெரைட் வளையத்தில், தடித்த உறையுள்ள இரட்டைக் கம்பியை 12 சுற்று. அது ட்யூனரின் முதுகிலேயே, ஒரு சாண் நீளக் கோஆக்ஸியல் துண்டோடு அமர்ந்திருக்கிறது.

பேலன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை அறிய நல்ல வழி, ட்யூனரை ஒரு பேண்டில் நிறுத்திவிட்டு, லைனின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்துப் பார்ப்பது. சமநிலை இருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். முள் நகராது. 7, 14 இரண்டிலும் அது அசையவில்லை, 21-இல் 1.1 என்பது 1.2 ஆயிற்று, அதைப் பொருட்படுத்தவில்லை.

ட்யூனர் டி வடிவச் சுற்று: தொடராக இரண்டு மாறும் மின்தேக்கிகள், நடுவிலிருந்து நிலத்துக்கு ஒரு சுருள். இந்தச் சுற்றில் ஒரே சுமைக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 காட்டும் நிலைகள் பல கிடைக்கும், எல்லாம் சமமல்ல. மின்தேக்கிகள் சிறியதாகவும் சுருள் பெரியதாகவும் நிற்கும் நிலையில் உள்ளே மின்னோட்டம் வீணாகச் சுற்றிச் சுழன்று சுருளைக் காய்ச்சுகிறது. மின்தேக்கிகள் இரண்டையும் முடிந்தவரை பெரியதாக வைத்து, சுருளைப் பொருத்தம் கிடைக்கும் மிகக் குறைந்த அளவில் நிறுத்துவதே முறை. சில ட்யூனர்களில் குமிழின் 0 என்ற குறிதான் மிகப் பெரிய கொள்ளளவு என்பதையும் மூடியைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். நான் முதலில் ரிசீவரில் இரைச்சல் உச்சமாகும் இடத்துக்குக் குமிழ்களைக் கொண்டுபோய், பிறகு 5 வாட்டில் முள்ளை இறக்கி, அதன்பின் சுருளை ஒரு படி குறைத்து மின்தேக்கிகளைத் திருத்தி, பொருத்தம் கிடைக்காத படிவரை சென்று, ஒரு படி திரும்பி வந்தேன். ஒவ்வொரு பேண்டுக்கும் மூன்று எண்களைத் தாளில் குறித்து ட்யூனரின் மேல் ஒட்டிவைத்துள்ளேன். முழு ஆற்றலில் சிறிது நேரம் அனுப்பி, நிறுத்திவிட்டு, சுருளின் வெப்பத்தைப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதைத் தொடக்கூடாது, ரேடியோ அலைச் சூடு தோலுக்குள் இறங்கும். லைனும் அப்படியே: 3000 ஓம் தெரியும் இடத்தில் 100 வாட் என்றால் 548 வோல்ட், அதன் உச்சம் 775.

40, 20, 15 மீட்டர்களில் ட்யூனர் உடனே பொருந்தியது. 20-இல் ட்யூனரை விலக்கினாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 2-க்குள் நிற்கிறது; 3 வரை சமாளிக்கும் டிரான்ஸீவர் உள் ட்யூனரே அங்கே போதும். 30, 17, 12 மீட்டர்களிலும் தடையின்றிப் பொருந்தியதைத் தவிரக் குறிப்பிட ஒன்றுமில்லை.

80 மீட்டர்தான் விட்டுக்கொடுக்கவில்லை. 3.6 மெகாஹெர்ட்ஸில் ஃபீடரின் கீழ்முனையில் தெரிந்த தடை 3 ஓம் அளவு. 100 வாட்டுக்கு ஏறத்தாழ 6 ஆம்பியர் ஓட வேண்டும். கணக்கின்படி ஃபீடரிலேயே 40 சதவீதம் போய்விடுகிறது, ட்யூனரின் சுருள் தன் பங்கை மேலும் எடுக்கிறது. கோஆக்ஸியலின் ஒரு வாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றமே. ஆனால் பொருத்தம் கூர்மையாக இருந்ததால் அதிர்வெண்ணைச் சில கிலோஹெர்ட்ஸ் நகர்த்தினாலே குமிழ்களை மீண்டும் தொட வேண்டியிருந்தது. இடம் இருப்பவர்கள் கம்பியை 27 மீட்டருக்கு நீட்டுவதே நேர்வழி. எனக்கு அது இயலாது என்பதால், பேலனை விலக்கி, லேடர் லைனின் இரு கம்பிகளையும் ஒன்றாக இணைத்து, ட்யூனரின் ஒற்றைக் கம்பி முனையில் கொடுத்து, நிலமுனையைச் சன்னலுக்கு வெளியே தரையில் விரித்த ரேடியல் கம்பிகளில் கட்டினேன். இப்போது செங்குத்தாக இறங்கும் ஃபீடரே அலைவீசும் பகுதி. டைபோலின் இரு கைகளும் அதன் தலைச்சுமை. ட்யூனருக்குக் கிடைத்தது சில பத்து ஓம் தடையும் சில நூறு ஓம் தூண்டல் ரியாக்டன்ஸும். தொடர் மின்தேக்கிகள் உள்ள டி சுற்று விரும்பும் சுமை இதுதான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. தாழ்வான டைபோல் அலையை மேல்நோக்கி வீசும். சில நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு அதுவே ஏற்றது. செங்குத்துக் கம்பி தலைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் அனுப்பாமல் அடிவானத்தை நோக்கி வீசுகிறது, சிக்னலைப் பெறும்போது சுற்றுப்புற மின்சாதனங்களின் இரைச்சலையும் கூடுதலாகக் கொண்டுவருகிறது. எனவே இரண்டு இணைப்புகளையும் வைத்துக்கொண்டு, இரட்டைக் கத்தி விசை (ஸ்விட்ச்) ஒன்றால் மாற்றிக்கொள்கிறேன். மாலையில் அருகிலுள்ள நிலையங்களுக்கு, ஆற்றல் குறைந்தாலும் டைபோல் இணைப்பே பெரும்பாலும் தெளிவாகப் போகிறது. பின்னிரவில் தொலைவிலிருந்து வருபவர்களுக்கு மற்றது.

மழை பெய்தால் லேடர் லைனின் உறையில் நீர் படிந்து, குறித்துவைத்த எண்கள் சற்றே விலகுகின்றன. 80 மீட்டரில் அது நன்றாகத் தெரிகிறது, 20-இல் கவனித்தால்தான் தெரியும். இடி மின்னல் நாள்களில் லைனைச் சன்னலுக்கு வெளியிலேயே கழற்றி நிலக்கம்பியில் இணைத்துவிடுகிறேன். அதற்கென்று இணைப்பிகளை வெளிச்சுவரிலேயே பொருத்தியிருக்கிறேன். ட்யூனரின் மேல் ஒட்டிய தாளில் இப்போது ஈரமான லைனுக்கென்று இரண்டாவது பத்தி எண்களும் இருக்கின்றன.